விசுவாசி என்றால் யார்? ஒரு பி.காம். மாணவனின் புலம்பல்

முன்குறிப்பு: இது கொஞ்சம் நீளமான புலம்பல். கிறிஸ்தவர் அல்லாத நண்பர்களும் படிக்கலாம். உங்கள் வீட்டிலும் இதே கதை வேறு பெயரில் நடக்கிறது என்று எனக்குத் தெரியும் :-)

போன மாதம் எங்கள் சபை வாலிபர் கூட்டத்தில் ஒரு விளையாட்டு வைத்தார்கள். ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டு. "கிறிஸ்தவ வாழ்க்கைக்குக் கட்டாயம் வேண்டிய ஐந்து நற்குணங்களை எழுதுங்க" என்றார் கூட்டம் நடத்திய அண்ணன். எல்லாச் சீட்டையும் ஒரு சார்ட்டில் ஒட்டி, எதற்கு எத்தனை ஓட்டு என்று எண்ணினோம். எண்ணியது நான்தான். காமர்ஸ் பையன் என்றால் எங்கே போனாலும் எண்ணுகிற வேலைதான் கிடைக்கும்.

ஜெபம் முதலிடம். அடுத்து அன்பு, பொறுமை, தாழ்மை, கீழ்ப்படிதல். அப்புறம் வேதவாசிப்பு, உபவாசம், தசமபாகம். இரண்டு பேர் "அடக்கமான உடை" என்று எழுதியிருந்தார்கள். ஒருவர் "சினிமா பார்க்காமை". மொத்தம் 27 சீட்டு. ஒன்றில்கூட "பொய் சொல்லாமை" இல்லை. "நேர்மை" இல்லை. "நியாயம்" இல்லை. என் சீட்டிலும் இல்லை.

அண்ணன் எல்லாவற்றையும் வாசித்துவிட்டு "சூப்பர்" என்றார். ஜெபம் பண்ணி, சமோசா சாப்பிட்டுக் கலைந்தோம். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அதற்கு ஒரு சொந்தக் காரணம் இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன். முதலில் என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் எழுதிய பட்டியலில் இருப்பவை எல்லாம் நல்ல குணங்கள்தான். ஆனால் அவற்றில் முக்கால்வாசி, கோவிலுக்குள் நாலு பேர் பார்க்கச் செய்யக்கூடியவை. ஜெபிப்பது தெரியும். உபவாசம் தெரியும், முகமே காட்டிக்கொடுத்துவிடும். காணிக்கைப் பையில் கவர் விழுவது தெரியும். ஆனால் ஒருவன் கடையில் எடை சரியாகப் போடுகிறானா, வேலைக்காரம்மாவுக்குச் சொன்ன சம்பளத்தைச் சொன்ன தேதியில் கொடுக்கிறானா, ஆபீஸில் மேஜைக்குக் கீழே கை நீட்டுகிறானா, இதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குத் தெரியாது. தெரியாததால் பட்டியலில் இல்லை. என் வாதம் இதுதான்: நேர்மை என்பது பத்தோடு பதினொன்றான நற்குணம் அல்ல. அது இல்லையென்றால் மற்ற பத்தும் கள்ள நோட்டு.

கொஞ்சம் தமிழ் பேசுவோம். "விசுவாசி" என்றால் நம் சபைகளில் என்ன அர்த்தம்? ஆண்டவரை நம்புகிறவன். சரி. ஆனால் தெருவில் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம்? "அவன் விசுவாசமான வேலைக்காரன்" என்றால் கல்லாவை அவனிடம் விட்டுவிட்டு முதலாளி ஊருக்குப் போகலாம் என்று அர்த்தம். நாயைக்கூட விசுவாசமுள்ளது என்கிறோம். அது யாரையாவது நம்புவதால் அல்ல, அதை நாம் நம்பலாம் என்பதால். கலாத்தியர் 5-ஆம் அதிகாரத்தில் ஆவியின் கனிகள் என்று ஒன்பது இருக்கின்றன, மனப்பாடம் செய்து பரிசு வாங்கியிருப்பீர்கள். அதில் ஏழாவதாக வருகிற விசுவாசத்துக்கு மூல கிரேக்கச் சொல் 'பிஸ்டிஸ்'. அதற்கும் நம்பிக்கை, நம்பகத்தன்மை என்று இரண்டு பக்கமும் உண்டு. தெருவில் இன்னும் உயிரோடு இருக்கிற இரண்டாவது அர்த்தத்தை நாம்தான் கோவிலுக்குள் தொலைத்துவிட்டோம். விசுவாசி என்றால் நம்புகிறவன் மட்டுமல்ல, நம்பத்தக்கவன்.

"இதெல்லாம் உன் சொந்தச் சரக்கு, வேதத்தில் எங்கே இருக்கிறது?" என்று கேட்பீர்கள். வேதத்தைத்தான் திறக்கிறேன்.

யோவான் ஸ்நானகனிடம் வரி வசூலிப்பவர்கள் வந்து "நாங்கள் என்ன செய்யவேண்டும்" என்று கேட்கிறார்கள் (லூக்கா 3). இன்றைக்கு நம்மிடம் கேட்டால் என்ன சொல்வோம்? இன்னும் கொஞ்சம் ஜெபியுங்கள், 40 நாள் உபவாசம் இருங்கள். அவர் சொன்னது, விதித்ததற்கு மேல் ஒரு காசு வசூலிக்காதே. போர்ச்சேவகர்கள் கேட்டபோது, மிரட்டிப் பிடுங்காதே, பொய்க் குற்றம் சாட்டாதே, சம்பளம் போதும் என்று இரு. அவ்வளவுதான். மனந்திரும்புதலின் முதல் பாடமே பணம்!

சகேயுவை எடுத்துக்கொள்ளுங்கள். சண்டே ஸ்கூலில் அவர் மரத்தில் ஏறியதை மட்டும் நடித்துக் காட்டிவிட்டு இறங்கிவிடுகிறோம். இறங்கிய பிறகு அவர் செய்ததுதான் கதை. சொத்தில் பாதி ஏழைகளுக்கு. ஏமாற்றி வாங்கியது எதுவோ அதற்கு நாலு மடங்கு. இதில் ஒரு கணக்கு இருக்கிறது. ஏமாற்றியவன் தானாக ஒத்துக்கொண்டால் அசலோடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துக் கொடுத்தால் போதும் என்பது மோசேயின் சட்டம் (லேவியராகமம் 6, எண்ணாகமம் 5). நாலு மடங்கு என்பது ஆட்டைத் திருடி விற்றவனுக்கோ கொன்றவனுக்கோ உள்ள தண்டனை (யாத்திராகமம் 22). அதாவது சகேயு தன்னை ஆட்டுத் திருடன் வரிசையில் வைத்து அபராதம் போட்டுக்கொண்டார். அதைச் சொன்ன பிறகுதான் இரட்சிப்பு அந்த வீட்டுக்கு வந்ததாக இயேசு அறிவிக்கிறார். சகேயு இயேசுவின் பெயரில் காணிக்கைக் கவர் போடவில்லை. யாரிடம் எடுத்தாரோ அவர்களிடமே திருப்பிக் கொடுத்தார்.

அப்புறம் அனனியா, சப்பீராள் (அப்போஸ்தலர் 5). காணிக்கை குறைவாகக் கொடுத்ததால் செத்தார்கள் என்று பயமுறுத்தியே நம்மிடம் வசூல் நடக்கிறது. சும்மா ஒருமுறை வாசித்துப் பாருங்கள். நிலம் அவர்களுடையது, விற்ற பணமும் அவர்களுடையது, கொடுக்காமலே இருந்திருக்கலாம் என்று பேதுருவே சொல்கிறார். ஒரு பங்கைக் கொடுத்துவிட்டு முழுசு என்று சொன்னதுதான் குற்றம். நாங்கள் படிக்கிற மொழியில் சொன்னால் அது பொய்யான நிதிநிலை அறிக்கை.

ஆமோஸ் 8-ஆம் அதிகாரத்தில் வருகிற வியாபாரிகளை நான் நேரிலேயே பார்த்திருக்கிறேன். ஓய்வுநாள் எப்போது முடியும், கடையைத் திறந்து படியைச் சிறிதாக்கிக் கள்ளத் தராசில் விற்கலாம் என்று காத்திருக்கிறார்கள். கவனியுங்கள், அவர்கள் ஓய்வுநாளை மீறவில்லை. ஒழுங்காக ஆசரிக்கிறார்கள். புதினாவுக்கும் சீரகத்துக்கும் தசமபாகம் கொடுத்துவிட்டு நியாயத்தையும் இரக்கத்தையும் விட்டுவிட்டீர்களே என்று இயேசு பரிசேயர்களைக் கேட்டதும் இதே ஆட்களைத்தான்.

இப்போது எங்கள் பாடத்துக்கு வருகிறேன். கணக்குப்பதிவியலில் இருப்பாய்வு என்று ஒன்று உண்டு. பற்று ஒரு பக்கம், வரவு ஒரு பக்கம், இரண்டும் சமமாக வரவேண்டும். வந்துவிட்டால் கணக்கு சரி என்று சந்தோஷப்படுவோம். அடுத்த பாடத்திலேயே ஆசிரியர் வயிற்றில் புளியைக் கரைப்பார்: இருப்பாய்வு சமமாக வந்தாலும் கணக்கு தப்பாக இருக்கலாம். ஒரு நடவடிக்கையை எழுதாமலே விட்டுவிட்டால் அது தெரியாது. ஈடுசெய் பிழை என்று இன்னொன்று உண்டு. ஒரு இடத்தில் செய்த தப்பை, இன்னொரு இடத்தில் செய்த அதே அளவு தப்பு மறைத்துவிடும். கூட்டினால் கச்சிதமாக இருக்கும்.

நம்முடைய ஸ்தோத்திரக் காணிக்கைகள் பலவும் ஈடுசெய் பிழைகள்தான் நண்பர்களே. வருஷம் முழுக்க வாங்கிய கையூட்டுக்கு வருஷக் கடைசியில் ஒரு கவர். தொழிலாளிக்குப் பிடித்த கூலிக்குக் கோவிலில் ஒரு மின்விசிறி, அதன் இறக்கையில் பெயர். மனசு என்கிற இருப்பாய்வு சமமாகிவிடுகிறது. வயலில் அறுத்தவனின் பிடித்து வைக்கப்பட்ட கூலியே கடவுளை நோக்கிக் கூப்பிடுகிறது என்கிறார் யாக்கோபு. நாம் அந்தச் சத்தத்துக்கு மேல் கீபோர்டை வைத்துவிடுகிறோம்.

மாணவர்கள் சிரிக்கவேண்டாம், நம்ம கதை இன்னும் மோசம். பிராக்ஸி அட்டெண்டன்ஸ் கொடுத்துவிட்டுக் கிறிஸ்தவ மாணவர் கூடுகைக்கு ஓடுகிறோம். ஜெராக்ஸ் கடையில் ரெடிமேட் பிராஜெக்ட் ரிப்போர்ட் வாங்கி அட்டையை மட்டும் மாற்றுகிறோம். அதன் முதல் பக்கத்தில் "எல்லாம் வல்ல இறைவனுக்கு நன்றி" வேறு. பிட் வைத்து எழுதிய பேப்பருக்கு "கர்த்தர் பாஸ் பண்ண வைத்தார்" என்று சாட்சி சொன்ன ஒருவனை எனக்குத் தெரியும். பாவம் கர்த்தர். அவர் பெயரை வீணாக வழங்கக் கூடாது என்ற கட்டளை இதற்குத்தான் என்று நினைக்கிறேன்.

"உலகத்தில் பிழைக்க வேண்டாமா, இதெல்லாம் நடைமுறைக்கு ஒத்துவருமா?" என்று ஒரு கூட்டம் கேட்கும். ஒத்துவந்திருக்கிறது ஐயா.

இரட்டைப் பதிவு முறையை முதன்முதலில் அச்சில் விளக்கிய லூக்கா பாசியோலி ஒரு பிரான்சிஸ்கன் துறவி. 1494-இல் வெனிஸில் வந்த அவருடைய கணித நூலில் கணக்கெழுதுவது பற்றி ஒரு பகுதி. முறை அவர் கண்டுபிடித்தது அல்ல, வெனிஸ் வியாபாரிகளுடையது. முதல் கணக்குப் புத்தகத்தில் சிலுவை அடையாளம் போடவேண்டும், கடவுளின் பெயரோடு தொடங்கவேண்டும் என்கிறார். நம் ஊரில் பிள்ளையார் சுழி போடுவது மாதிரி. அதே நூலில், வாங்குபவனுக்கு ஒரு புத்தகம் விற்பவனுக்கு ஒரு புத்தகம் என்று இரண்டு கணக்கு வைத்துச் சத்தியமும் பண்ணுகிறவர்களைப் பற்றி வருத்தப்பட்டிருக்கிறார். 500 வருஷத்துக்கு மேல் ஆகியும் மாறாத ஒரே பாடம் அதுதான் போல.

17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் குவேக்கர்கள் என்று ஒரு சிறு கூட்டம். கோர்ட்டில் சத்தியம் செய்யமாட்டோம் என்றார்கள். சத்தியம் செய்தால் மற்ற நேரத்தில் பொய் சொல்வேன் என்று ஆகிவிடுமே என்பது அவர்கள் வாதம். அதற்காக ஜெயிலுக்குப் போனார்கள். பேரம் பேசி விற்பது வழக்கமாக இருந்த காலத்தில், ஒரே விலை சொல்லி விற்றார்கள். வாங்கிய கடனைத் திருப்ப முடியாமல் திவாலான உறுப்பினரை சபையே விசாரித்தது, தப்பு இருந்தால் நீக்கியது. முதலில் கிறுக்கர்கள் என்று சிரித்த ஜனம், பிறகு சின்னப் பிள்ளையை அனுப்பினாலும் ஏமாற்றமாட்டான் என்று அவர்கள் கடைக்கே போனது. பார்க்லேஸ், லாயிட்ஸ் வங்கிகளும் கேட்பரி, ரவுன்ட்ரீ சாக்லேட்டும் குவேக்கர் குடும்பங்களில் பிறந்தவைதான்.

அவர்களும் தேவதூதர்கள் இல்லை. சா டோமே தீவிலிருந்து வரும் கொக்கோவில் அடிமை உழைப்பு இருக்கிறது என்று கேட்பரிக்கு 1901-இலேயே தகவல் வந்தது. விசாரிக்கிறோம், பேசுகிறோம் என்று சொல்லிக்கொண்டே வாங்கினார்கள். நிறுத்தியது 1909-இல். இதை எழுதிய ஒரு பத்திரிகை மீது அவதூறு வழக்குப் போட்டு ஜெயித்தார்கள். ஜூரி கொடுத்த நஷ்ட ஈடு ஒரு ஃபார்திங், அதாவது ஒரு பென்னியில் கால் பாகம். நேர்மைக்குப் பேர்போனவர்களே எட்டு வருஷம் இழுக்க முடியும் என்றால் நாமெல்லாம் எவ்வளவு விழிப்பாக இருக்கவேண்டும்?

நம் ஊரிலும் ஆள் உண்டு. 'பிரதாப முதலியார் சரித்திரம்' எழுதியவர் என்று பரீட்சைக்குப் படித்த மாயூரம் வேதநாயகம் பிள்ளை ஒரு கத்தோலிக்கர், முன்சீப். லஞ்சம் வாங்குவதைக் கண்டித்து எழுதியவர். எழுதியதோடு நிற்காமல், 1876-78 பஞ்சத்தில் சொந்தப் பணத்தைச் செலவழித்துப் பசித்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றியவர். அவர் பெயரை நம் பிரசங்கத்தில் எத்தனை முறை கேட்டிருக்கிறீர்கள்? நான் ஒருமுறைகூட இல்லை.

இனி, வழக்கமாக வரும் பதில்கள்.

"அபிஷேகம் பெற்றவர்களைத் தொடாதே." சபைக் கணக்கைக் கேட்டால் முதலில் வரும் அஸ்திரம் இது. சவுல் ராஜாவைத் தாவீது கொல்லவில்லை, உண்மை. ஆனால் சால்வையின் ஓரத்தை அறுத்து எடுத்துக்கொண்டு, எதிரே நின்று, நீர் எனக்குச் செய்வது அநியாயம் என்று உரக்கச் சொன்னார். அதே தாவீது ராஜாவாகித் தப்பு செய்தபோது நாத்தான் வந்து முகத்துக்கு நேரே சொன்னார். அபிஷேகம் என்பது உயிருக்குப் பாதுகாப்பு, கணக்குக்கு அல்ல.

"அன்புதான் பெரியது, குற்றம் கண்டுபிடிக்காதே." அன்பு பற்றிய அந்தப் பிரபலமான அதிகாரத்திலேயே அன்பு உண்மையில்தான் சந்தோஷப்படும் என்று பவுல் எழுதியிருக்கிறார். அதை மட்டும் கல்யாண வீட்டில் வேகமாக வாசித்துவிடுகிறோம்.

"காணிக்கை கடவுளுக்குக் கொடுத்தது, கணக்கு கேட்கலாமா?" எருசலேம் ஏழைகளுக்குத் திரட்டிய பணத்தைப் பவுல் தனியாகத் தூக்கிக்கொண்டு போகவில்லை. தீத்துவையும் சபைகள் தேர்ந்தெடுத்த சகோதரரையும் கூடச் சேர்த்தார். கடவுளுக்கு முன்னால் மட்டுமல்ல, மனுஷருக்கு முன்னாலும் ஒழுங்காக இருக்கவேண்டும் என்று காரணமும் சொன்னார் (2 கொரிந்தியர் 8). பவுலுக்கே சாட்சி தேவைப்பட்டது. பன்னிரண்டு சீடர்களில் பணப்பையைத் தனியாக வைத்திருந்தவர் யார் என்று உங்களுக்கே தெரியும்.

சரி, இவ்வளவு பேச உனக்கென்ன தகுதி? தகுதி இல்லை. அதனால்தான் தூக்கம் வரவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன் எங்கள் சபை அறுப்பின் பண்டிகைக் கணக்கை எழுதி முடிக்க என்னைக் கூப்பிட்டார்கள். கூப்பிட்டவர் எனக்கு சண்டே ஸ்கூலில் பாடம் எடுத்தவர். இன்றைக்கும் எனக்குப் பிடித்தவர்களில் ஒருவர். மூன்று செலவுக்கு பில் இல்லை. பந்தல், சமையல், வாழை இலை. "செலவு ஆனது நிஜம் தம்பி. நீயே வவுச்சர் எழுதிப் போட்டுரு" என்றார். எழுதினேன். மூன்று பேர் பெயரில் மூன்று கையெழுத்து. ஒரே மாதிரி இருக்கக்கூடாது என்று ஒன்றை இடது கையால் போட்டேன். சபைக் கூட்டத்தில் கணக்கு ஒருமனதாக ஏற்கப்பட்டது. என் ஞானத்துக்காக ஸ்தோத்திரம் சொல்லி ஒருவர் ஜெபித்தார். அப்பா முகத்தில் பெருமை.

இந்த வருஷம் தணிக்கைப் பாடம். வவுச்சர்களைச் சரிபார்ப்பதுதான் தணிக்கையின் முதுகெலும்பு என்று புத்தகத்தில் படித்தபோது இடது கை கூசியது. ஆனாலும் ஒன்றும் செய்யவில்லை. அந்தச் சீட்டு விளையாட்டுக்குப் பிறகுதான் பந்தல்காரரைத் தேடிப் போனேன். பழைய நோட்டைப் புரட்டி ரசீது எழுதிக் கொடுத்தார். நான் எழுதிய வவுச்சரைவிட 800 ரூபாய் குறைவு. சமையல்காரர் தொகை சரியாக இருந்தது. இலை விற்றவர் யாரென்றே கண்டுபிடிக்க முடியவில்லை.

அங்கிளிடம் போய்ச் சொன்னேன். கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அந்த ஆளுக்கு டிப்ஸ், டீச்செலவு எல்லாம் சேர்த்திருப்பேன், ஞாபகம் இல்லை தம்பி" என்றார். உள்ளே போய் 800 ரூபாயைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். அதற்குப் பிறகு என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

அது மறதியா, வேறு ஏதாவதா, எனக்குத் தெரியாது. தெரியாமல் போனதற்குக் காரணம் அவர் அல்ல, நான். உண்மையான சீட்டு இருந்திருந்தால் அவர் சுத்தமானவர் என்று அதுவே சொல்லியிருக்கும். என் கள்ளக் கையெழுத்து அவருக்கு உதவி என்று நினைத்தேன். அவர் நல்லவர் என்று நிரூபிக்க இருந்த ஒரே வழியை அதுதான் அழித்தது. அன்பு, தாழ்மை, கீழ்ப்படிதல், மூன்றும் அன்று என்னிடம் இருந்தன. பெரியவர் சொன்னதைத் தட்டாமல் செய்த நல்ல பிள்ளை நான். நேர்மை இல்லாத கீழ்ப்படிதல் என்ன செய்யும் என்று இப்போது தெரிகிறது.

வருகிற சபைக் கூட்டத்தில் எழுந்து நின்று, அந்த மூன்று வவுச்சரும் நான் எழுதியவை என்று சொல்லி, 800 ரூபாயைக் கட்டப் போகிறேன். அவர் பெயரைச் சொல்லப்போவதில்லை, என் பெயரை மட்டும். இனிமேல் வரவு செலவை வவுச்சர் கோப்போடு மேஜையில் வையுங்கள், யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கட்டும் என்றும் கேட்கப் போகிறேன். அப்பா "யோசிச்சுச் செய்" என்றார். அம்மா "உன் தங்கச்சி கல்யாணம் இதே கோவில்லதான் நடக்கணும், ஞாபகம் வச்சுக்கோ" என்றார். அம்மா சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. பயமாகத்தான் இருக்கிறது.

என் வகுப்பு நண்பர்களுக்கு ஒரே வேண்டுகோள். அடுத்த முறை யாராவது நற்குணப் பட்டியல் கேட்டால், முதல் வரியில் நேர்மையை எழுதுங்கள். எழுதிவிட்டு, உங்கள் இடது கையால் போட்ட கையெழுத்து எங்கேயாவது இருக்கிறதா என்று யோசியுங்கள். இருந்தால் அது யாருடைய பெயரில் இருக்கிறதோ, அவரிடம் முதலில் போங்கள். ஜெபம் அப்புறம் பண்ணலாம். காணிக்கையைப் பீடத்துக்கு முன்னாலேயே வைத்துவிட்டு முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகச் சொன்னவரும் இயேசுதான்.

திட்ட நினைப்பவர்கள் திட்டலாம். ஆனால் வசனத்தோடு வாருங்கள் :-)